எந்த வீட்டு ஈ?

வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பவனை எங்கள் ஊரில் ‘ஈ ஓட்டுகிறான்’ என்பார்கள். எனக்குச் சம்பளமே அதற்குத்தான். சிங்கப்பூரில் ஒரு பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்தில் வேலை. பெரம்பலூர்ப் பக்கம் விலங்கியல் படித்துவிட்டு விமானம் ஏறியவன். எலி, கரப்பான், கரையான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். ஆனால் மனசு ஒட்டிக்கொண்டது ஈயிடம். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘மாப்பிள்ளை என்ன செய்யறார்?’ என்று கேட்டதற்கு, ‘சுகாதாரத் துறைங்க’ என்று சொல்லிச் சமாளித்தார் என் மாமா.

சாப்பாட்டுக் கடைச் சமையலறைகளில் சுவரோரம் நீலமாக ஒரு விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். புற ஊதா விளக்கு. அதை ஒட்டிப் பசை தடவிய அட்டை ஒன்று இருக்கும். க்ளூ போர்டு என்போம். வெளிச்சத்துக்கு வரும் ஈ அதில் ஒட்டிக்கொள்ளும். அட்டையைக் கழற்றி, ஒட்டியதை எண்ணி, படிவத்தில் எழுதி, புது அட்டை செருகிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், எத்தனை ஈ என்பது பாதி விஷயம்கூட இல்லை. எந்த ஈ என்று தெரிந்தால்தான் எங்கே கழுவுவது என்று தெரியும். ஈக்குடும்பம் ஒவ்வொன்றும் முட்டை வைக்கும் இடம் வேறு.

தேக்கா பக்கம் புரோட்டாக் கடை வைத்திருக்கும் பாய் ஒருநாள் கவலையோடு கூப்பிட்டார். “தம்பி, குட்டி ஈ வந்துருச்சு. பெருசாகறதுக்குள்ள மருந்தடிச்சிடு.”

“பாய், இறகு முளைச்ச பூச்சி அதுக்கப்புறம் வளராது. குட்டி ஈ குட்டியாவேதான் சாகும்.”

நம்பவில்லை. நிறையப் பேர் நம்புவதில்லை. ஈயின் வளர்ச்சி எல்லாம் புழுப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. கூட்டிலிருந்து என்ன அளவில் வெளியே வருகிறதோ, கடைசிவரை அதே அளவுதான். சின்னதாக இருந்தால் ஒன்று, புழுவாக இருந்தபோது சரியாகத் தின்னவில்லை. இல்லையென்றால் அது வேறு குடும்பம். பாயின் அட்டையில் இருந்தது வேறு குடும்பம். இலை வடிவில் இறகு, உடம்பெல்லாம் ரோமம், அந்துப்பூச்சியைச் சுருக்கி வைத்தாற்போல. சைக்கோடிடே குடும்பம். இதன் புழுக்கள் தரையில் கழிவுநீர் இறங்கும் ஃப்ளோர் டிராப்பின் உள்சுவரில் படிந்த கொழகொழப்பில் வளர்கின்றன. மேலே மருந்தடித்தால் பறக்கிறது சாகும், நாளைக்கு அடுத்த செட் வரும். பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் தீரும்.

அதே அளவில் முதுகு கூனி, பறப்பதைவிட விறுவிறுவென்று ஓடுவதில் ஆர்வம் காட்டுகிற ஈ இருந்தால் அது ஃபோரிடே. தரைக்கு அடியில் குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். சிவப்புக் கண் என்றால் ட்ரோசோஃபிலா, பழ ஈ. பழச்சாறுக் கடை, காலி பாட்டில், ஈரமாகவே மூலையில் நிற்கும் மாப். மூன்றும் கடைக்காரருக்குக் ‘குட்டி ஈ’தான். மூன்றையும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று நினைத்து ஒரே மருந்தை அடிக்கிற கம்பெனிகளும் உண்டு.

கொஞ்சம் மேலே போய்ப் பார்ப்போம். பூச்சிகள் ஒரு வகுப்பு. அதற்குள் வரிசைகள், வரிசைக்குள் குடும்பங்கள், குடும்பத்துக்குள் பேரினங்கள், பேரினத்துக்குள் இனங்கள். வண்டுகளுக்கு ஒரு வரிசை, வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் ஒரு வரிசை, எறும்பு, தேனீ, குளவி மூன்றுக்கும் ஒரு வரிசை. ஈக்களின் வரிசை டிப்டெரா, இருசிறகிகள். பறக்கும் பூச்சிக்கு வழக்கமாக நான்கு இறகு இருக்கும். இந்த வரிசையில் முன்னிறகு இரண்டுதான். பின்னிறகு இருந்த இடத்தில் நுனியில் குமிழ் வைத்த ஒரு சின்னக் காம்பு நிற்கிறது. ஹால்ட்டியர் என்று பெயர். பறக்கும்போது இறகு மேலே போனால் இது கீழே வரும், இறகு கீழே வந்தால் இது மேலே போகும். உடம்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் காம்பின் அடியில் இருக்கும் உணர்நரம்புகளுக்கு உடனே தெரிந்துவிடும். நீங்கள் செய்தித்தாளைச் சுருட்டி ஓங்குவதற்குள் அது பக்கவாட்டில் நழுவுவது இதனால்தான். ஹால்ட்டியரை வெட்டினால் ஈ நிலைகொள்ளாமல் விழுகிறது என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே பார்த்து எழுதிவிட்டார்கள்.

கொசுவுக்கும் இறகு இரண்டுதான், ஹால்ட்டியரும் உண்டு. ஆக கொசுவும் இந்த வரிசைதான். வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டுக் கதவைத் தட்டி, பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி தேடுவதும் ஒருவகையில் ஈயின் சொந்தக்காரனைத்தான். தேனீ பெயரில் ஈயை வைத்திருந்தாலும் நான்கு இறகோடு குளவி வரிசையில் நிற்கிறது.

இந்த வரிசைக்கு வெளியே நெருங்கிய உறவு யார் என்பது இன்னும் வேடிக்கை. ‘ஈ, பேன்’ என்று சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். பேன் ரொம்பத் தூரத்துச் சொந்தம். நாய் மேல் துள்ளும் தெள்ளுப்பூச்சிதான் கிட்டத்துப் பங்காளி.

உயிரினங்களை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸ் 1758ல் வெளியிட்ட பதிப்பில் இருசிறகிகளுக்குப் பத்தே பத்துப் பேரினம்தான். கொசுவுக்குக் கியூலெக்ஸ், மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்குத் தபானஸ் என்று போகும். எதிலும் சேராத கண்ட கண்ட ஈயையும் ‘மஸ்கா’ என்ற ஒரே பேரினத்தில் போட்டு அடைத்துவிட்டார். வீட்டு ஈக்கு அவர் வைத்த மஸ்கா டொமெஸ்டிகா என்ற பெயர் அப்படியே இருக்கிறது. கூட இருந்தவர்கள்தான் பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். 1802ல் லத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் மஸ்காவின் பெயரிலேயே மஸ்கிடே என்று ஒரு குடும்பம் அமைத்தார். இன்று இருசிறகிகளில் பெயரிடப்பட்ட இனங்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மஸ்கிடே குடும்பத்தில் மட்டும் ஏறக்குறைய 5,000.

பாட்டி சொன்ன கதை ஒன்று நினைவிருக்கலாம். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பெயரை மறந்துவிட்டு, கன்றிடம், தாய்ப்பசுவிடம், மாடு மேய்ப்பவனிடம், அவன் கைக்கோலிடம், மரத்திடம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகும். க்ளூ போர்டுக்கு மேல் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான் செய்வதும் அதுதான். உணர்கொம்பே, இது யார்? நெற்றியே, இது யார்? விலாவே, நீயாவது சொல்.

உணர்கொம்பு முதல் பதிலைச் சொல்லும். பல கணுவாக நீண்டிருந்தால் கொசு, ஃப்ளோர் டிராப் ஈ இருக்கும் பக்கம். குட்டையாகத் தடித்து, அதிலிருந்து ஒரே ஒரு முள்மயிர் கிளம்பினால் வீட்டு ஈ இருக்கும் பக்கம்.

அடுத்தது நெற்றி. எனக்கு மிகவும் பிடித்த இடம். வீட்டு ஈயின் புழு மூன்று பருவம் வளர்ந்தபின் கடைசித் தோலை உரித்து எறிவதில்லை. அந்தத் தோலே சுருங்கி, கெட்டியாகி, பழுப்பு நிறக் கூடாக மாறிவிடும். உள்ளே ஈ உருவாகிறது. வெளியே வரவேண்டிய நேரத்தில் கடித்துத் திறக்கப் பல் கிடையாது, வாய் இருப்பது நக்கிக் குடிக்க. அதனால் நெற்றி இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்து ஒரு சவ்வுப் பை உப்பி வெளியே வருகிறது. அது முட்டி முட்டித் தள்ள, கூட்டின் முனை வட்ட மூடியாகக் கழன்றுகொள்ளும். மண்ணில் புதைந்திருந்தால் அதே பையை உப்பவைத்துச் சுருக்கி வழிபண்ணிக்கொண்டு மேலே வரும். வெளியே வந்ததும் பை தலைக்குள் போய்விடும், திரும்ப வருவதில்லை. உணர்கொம்புகளுக்கு மேலே கவிழ்ந்த பிறைவடிவில் ஒரு கோடு மட்டும் ஆயுளுக்கும் நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண பூதக்கண்ணாடி போதும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த வடு தெரியும். வீட்டு ஈக்கும் பழ ஈக்கும் இருக்கிறது. கொசுவுக்குக் கிடையாது. புதிதாக வேலைக்குச் சேரும் தம்பிகளுக்கு முதலில் இதைத்தான் காட்டுகிறேன். பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். ஒன்றிரண்டு பேர் மறுநாள் வந்து “அண்ணே, இன்னொருதடவ காட்டுங்க” என்பார்கள்.

பிறகு இறகின் அடி. வீட்டு ஈ, பச்சை ஈ, இறைச்சி ஈ மூன்றுக்கும் அங்கே வெள்ளையாக ஒரு மடல் ஹால்ட்டியரை மூடியிருக்கும். பழ ஈக்கு அந்த மடல் இருப்பதாகவே சொல்ல முடியாது. இதோடு குட்டி ஈக்கள் விலகிவிடும்.

மீதியிருக்கும் பெரிய ஈக்களில்தான் பணம் கைமாறும் கேள்வி இருக்கிறது. ஈயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்காலின் அடியிலிருந்து கொஞ்சம் மேலே மார்பின் விலாவைப் பாருங்கள். கறுப்பாக, நட்டுவைத்த மாதிரி ஒரு வரிசை முள்மயிர் இருந்தால் அது பச்சை ஈ அல்லது இறைச்சி ஈயின் கூட்டம். அந்த வரிசை இல்லாமல் அந்த இடம் வழவழவென்று இருந்தால் மஸ்கிடே. இந்தக் குடும்பத்துக்கே இது ஒரு குறை. ‘என்னிடம் இது இருக்கிறது’ என்று மார்தட்ட அதற்குத் தனி அடையாளம் கிடையாது. விலாவில் வரிசை இல்லை, இறகின் கடைசி நரம்பு ஓரத்தைத் தொடவில்லை என்று இல்லாததை அடுக்கித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மஸ்கிடே என்று உறுதியானபின் முதுகில் நான்கு கருங்கோடு, இறகில் முழங்கைபோல் மடங்கும் ஒரு நரம்பு இரண்டையும் பார்த்தால் மஸ்கா பேரினம்வரை போய்விடலாம்.

முள்மயிர் வரிசைக்கு இவ்வளவு மதிப்பா என்றால், ஒரு சம்பவம். நகரமையத்தில் ஒரு உணவகம். திடீரென்று சாப்பாட்டு அறை முழுக்க ஈ. பின்னால் இருக்கும் பின் சென்டர், அதாவது குப்பை சேர்த்துவைக்கும் இடம்தான் காரணம் என்று உணவக மேலாளர் கொதித்துக்கொண்டிருந்தார். கடிதமெல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தார். அட்டையைக் கழற்றினேன். தடித்த உடம்பு, நீலமும் பச்சையுமாக மினுமினுப்பு, தலையே கண்தானோ என்கிற அளவுக்குப் பெரிய செங்கண். விலாவில் வரிசை தெளிவாக இருந்தது. கிறைசோமியா மெகாசெஃபாலா. காலிஃபோரிடே, பச்சை ஈயின் குடும்பம். நம் பக்கமெல்லாம் கருவாட்டையும் கழிவையும் தேடிவரும் அதே ஈ. பின் சென்டரிலும் வளரக்கூடியதுதான். ஆனால் வெளியிலிருந்து வருவதாக இருந்தால் கூடவே வீட்டு ஈயும் நாலைந்து ஒட்டியிருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே இனம், ஒரே சமயத்தில் வெளிவந்தவை, அதுவும் கதவிலிருந்து தள்ளியிருந்த அட்டையில். “சீலிங்கைத் திறந்து பாக்கலாமா சார்?” என்றேன். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே செத்த எலி. முன்பு வேலைபார்த்த யாரோ வைத்த விஷத்தைத் தின்றுவிட்டு மேலே போய் விழுந்திருக்கிறது. கடிதம் போகவில்லை.

மூன்று ஈக்கள் ஒரு குதிரைப் பிணத்தைச் சிங்கத்தின் வேகத்தில் தின்று தீர்க்கும் என்று லின்னேயஸ் 1767ல் எழுதினார். ஈயின் பெருக்கத்தைச் சொல்கிறார். அவர் ‘மஸ்கா’ என்று எழுதினாலும், இன்றைய கணக்கில் அது வீட்டு ஈயின் வேலை இல்லை. பிணத்துக்கு முதலில் வருவது பச்சை ஈக்கூட்டம். வீட்டு ஈயின் சொத்து சாணம், கோழி எச்சம், அழுகும் குப்பை.

அந்த வீட்டு ஈயும் தன் குடும்பத்துக்கு ஒரு மோசமான விளம்பரம் என்பது என் அபிப்பிராயம். மஸ்கிடேயில் மற்றவர்கள் வேறு வேறு தொழிலில் இருக்கிறார்கள். கொயினோசியா என்ற சிறு ஈ, வேட்டைக்காரன். காத்திருந்து, பறந்துபோகும் சின்னப் பூச்சியை அந்தரத்திலேயே பிடிக்கும். பசுமைக்குடிலில் வேளாண்மை செய்பவர்களுக்கு அது நண்பன். ஸ்டோமாக்சிஸ் அச்சு அசல் வீட்டு ஈபோல இருக்கும், ஆனால் வாய் ஊசிபோல முன்னால் நீட்டியிருக்கும். ஆணும் பெண்ணும் ரத்தம் குடிக்கும். வீட்டு ஈ கடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் அநேகமாக இதைத்தான் பார்த்திருப்பார்கள், வீட்டு ஈயால் கடிக்கவே முடியாது. கலாபகஸ் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்த ஃபிலோர்னிஸ் டவுன்சியின் புழுக்கள் பறவைக்கூட்டில் இருந்துகொண்டு குஞ்சுகளின் ரத்தத்தை உறிஞ்சுகின்றன. டார்வின் பெயரால் சொல்லப்படும் குருவிகளுக்கு இன்று பெரிய எதிரி அது.

எனக்கு இதிலெல்லாம் நெருக்கமானது சோளக் குருத்து ஈ. அதெரிகோனா சோக்கேட்டா. முளைத்துச் சில வாரமே ஆன பயிரின் இலையடியில் முட்டை வைக்கும். புழு உள்ளே இறங்கி வளரும் நுனியை அறுத்துவிட்டு, அழுகுவதைத் தின்னும். சுற்றியிருக்கும் இலை பச்சையாக இருக்க, நடுக்குருத்து மட்டும் காயும். பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும், அடியில் முகர்ந்தால் அழுகல் வாடை. சின்ன வயசில் அப்பா கொல்லையில் இழுத்து இழுத்துக் காட்டியிருக்கிறார். மழை விழுந்ததும் ஊரே சேர்ந்தாற்போல் விதைத்துவிட்டால் தப்பிக்கலாம், பின்தங்கி விதைத்தவன் பாடு திண்டாட்டம். அது மஸ்கிடே என்று படித்த அன்று போன் போட்டேன்.

“அப்பா, நம்ம சோளத்துல வர்ற குருத்து ஈயும் வீட்டு ஈயும் ஒரே குடும்பமாம்.”

“அதான் ரெண்டையும் ஒழிக்க முடியல” என்றார்.

குடும்ப எல்லைகள் இப்போதும் நகர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் உறக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயை முன்பு மஸ்கிடேயில் வைத்திருந்தார்கள். இப்போது அதற்குத் தனிக் குடும்பம். குளிர்நாட்டு வீடுகளில் விளக்குக்குக் கீழே வட்டமடிக்கும் ஃபான்னியாவும் தனிக்குடித்தனம் போய்விட்டது. மஸ்கிடே, ஃபான்னியாவின் குடும்பம் உட்பட நான்கு குடும்பங்களைச் சேர்த்து மஸ்காய்டியா என்று ஒரு பெருங்குடும்பம் வைத்திருந்தார்கள். பச்சை ஈ, இறைச்சி ஈ எல்லாம் பக்கத்தில் வேறொரு பெருங்குடும்பம். 2008ல் அதைக் கலைத்துப் போட்ட ஆய்வு ஒன்றில் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த சுஜாதா நாராயணன் குட்டி, ருடால்ஃப் மையர் முதலானோர் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து நான்கு, உட்கருவிலிருந்து நான்கு என எட்டு மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மஸ்காய்டியா என்பது இயற்கையான ஒரு குழுவே இல்லை, பச்சை ஈயின் கூட்டம் அதற்குள்ளிருந்து கிளைத்தது என்று வந்தது. அதாவது முட்டைகோஸ் வேரைத் தின்னும் புழு இருக்கிறதே, அதன் குடும்பத்துக்கு வீட்டு ஈயைவிடப் பச்சை ஈ நெருங்கிய உறவு. தோற்றத்தில் வீட்டு ஈயோடு சேர்த்து உட்காரவைத்திருந்தார்கள். மஸ்கிடே குடும்பம் மட்டும் அந்த ஆய்வில் உடையாமல் ஒரே கிளையாக நின்றது. அதைப் படித்தபோது எனக்கு ஏனோ ஒரு நிம்மதி.

இங்கே வருடம் முழுவதும் சூடு 27, 28 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. குளிர்காலம் என்று ஈக்கு ஓய்வு கிடையாது. முட்டையிலிருந்து பறக்கும் ஈ ஆக ஏழு முதல் பத்து நாள். ஒரு தடவைக்கு நூறு முட்டைபோல, ஆயுளில் நான்கைந்து தடவை. அப்படியிருந்தும் வீவக வட்டாரங்களில் ஈ குறைவாக இருக்கக் காரணம் மருந்து இல்லை. மாடியிலிருந்து குப்பை போடும் குழாயான ரப்பிஷ் சூட்டில் விழும் குப்பையை அன்றன்றே அள்ளிவிடுகிறார்கள், புழு கூடு கட்டுவதற்குள் எரிஆலைக்குப் போய்விடுகிறது. தெருவோரக் கடைகளை உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்து முடித்தது 1986ல். பன்றிப் பண்ணைகளும் அடுத்த சில வருடங்களில் மறைந்தன. எங்கள் கம்பெனியில் இருக்கும் மூத்த அங்கிள் கம்பத்து (பழைய கிராமத்து) நாட்களைப் பற்றிப் பேசினால் ஈ வராமல் பேச்சு நகராது. இன்றைக்கும் தட்டை மேசையிலேயே விட்டுப்போகும் ஆட்கள் இருக்கும்வரை எனக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை.

கறுப்புப் படைவீர ஈயைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சாப்பாட்டுக் கழிவைத் தின்னவிட்டு அதன் புழுவைத் தீவனமாக்கும் வேலை இங்கேயும் நடக்கிறது. அது ஸ்ட்ரேட்டியோமிடே குடும்பம், வீட்டு ஈக்கு ரொம்ப விலகிய உறவு, சமையலறையைச் சுற்றிவரும் வழக்கமும் இல்லை. 2024 ஜூலையில் சிங்கப்பூர் உணவு அமைப்பு மனிதர் உண்ண 16 பூச்சியினங்களை அனுமதித்தது. வெட்டுக்கிளி, பட்டுப்புழு எல்லாம் உண்டு, ஈ ஒன்றுகூட இல்லை. என் மனைவிக்கு அதில் பெரிய ஆறுதல்.

அலுவலகப் படிவத்தில் ‘ஈ’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. குடும்பவாரியாகப் பிரித்துப் போடுங்கள் என்று பலதடவை கேட்டும், வாடிக்கையாளருக்குப் புரியாது என்று தட்டிக்கழித்தார்கள். போன மாதம் புதுப் படிவம் வந்திருக்கிறது. இப்போது இரண்டு கட்டம்: ‘பெரிய ஈ’, ‘சிறிய ஈ’. பாய் பிரித்த அதே மாதிரி. நான் குறிப்புகள் பகுதியில் பொடி எழுத்தில் காலிஃபோரிடே, ஃபோரிடே என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், தட்டச்சு செய்யும் அக்கா அதை வெட்டிவிடாமல் இருக்க அவ்வப்போது கரிபஃப் வாங்கிக்கொடுக்கிறேன்.